இயந்திரத்தின் வாக்கு எவருடையது?

கட்டுகஸ்தோட்டையில் ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தில் கட்டணம் பற்றி விசாரித்தேன். செயற்கை நுண்ணறிவு 'சட்பொட்' தள்ளுபடி உண்டென்றது. (தமிழில் கேட்டேன், ஆங்கிலத்தில் பதில்!) மறுநாள் கிளையிலோ, "அது கணினி சொன்னது, நாங்கள் சொல்லவில்லை" என்றனர்.

எயார் கனடாவும் இப்படித்தான் வாதாடியது. பாட்டியை இழந்த பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றி அதன் சட்பொட் பிழையான தகவல் தந்தது. சட்பொட் தனியொரு சட்ட ஆளாம்; பொறுப்பும் அதனுடையதாம்! பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அவ்வாதத்தை நிராகரித்து, இழப்பீடு வழங்கப் பணித்தது.

நமது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. இயந்திரம் சொன்னாலும் அது வணிகரின் வாக்கே என்று அதில் வெளிப்படையாகச் சேர்ப்பதில் அரசுக்கு என்ன தயக்கம்? நிறுவனங்கள் கணினியால் மீதப்படுத்தும் சம்பளத்துக்கு நுகர்வோர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?