பொறியாளர் மன்றம் சென்றார். நமது வாக்கு எப்போது செல்லும்?

2024 மக்களவைத் தேர்தலில், ஐதராபாத் நகரை ஒட்டிய செவெல்லா தொகுதியில் திரு. கொண்டா விஸ்வேஸ்வர் ரெட்டி ஏறத்தாழ 1 லட்சத்து 72 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். அவர் பொறியாளர், தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய தொழிலதிபர். 2014இல் தெலங்கானா ராஷ்டிர சமிதியின் சார்பில் வென்றார். 2019இல் காங்கிரசின் சார்பில் நின்று தோற்றார். 2024இல் பாரதிய ஜனதாவின் சார்பில் மீண்டும் வென்றார். அவரும் குடும்பத்தாரும் கணக்குக் காட்டிய சொத்து 4,500 கோடி ரூபாய்க்கும் மேல்.

செல்வமும் கணினி அறிவும் இருந்தால் மட்டும் மக்கள் வாக்களித்துவிடுவதில்லை. இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி 2014இல் தென் பெங்களூரில் தோற்றார். ஆகவே வென்றவரைப் பழிப்பதும் நமது வேலையன்று. அவருடைய கோடிகளை எண்ணி வாய் பிளப்பதும் நமது வேலையன்று. அவரால் நமக்கு ஆக வேண்டியது என்ன என்பதே கேள்வி.

செவெல்லா நமக்கு அயலூர் அல்ல. மாதாப்பூரும் கச்சிபௌலியும் அடங்கிய சேரிலிங்கம்பள்ளி சட்டமன்றத் தொகுதி அதற்குள்தான் வருகிறது. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல் அந்த வட்டாரத்தில் எழும்பிய மாடிகளுக்குக் கம்பி வளைத்தவர்களிலும் சாரம் கட்டியவர்களிலும் நம்மவர் உண்டு. ஆனால் வாக்குச்சாவடியில் நம்மில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது? ஊரில் பெயர் இருப்பவருக்கோ, வாக்களிக்க வேண்டுமானால் ரயில் செலவு ஒரு பக்கம், இரண்டு மூன்று நாள் கூலி மறுபக்கம். வயிறா, வாக்கா என்று வரும்போது ஏழை எதைத் தேர்ந்தெடுப்பான்?

இதற்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், புலம்பெயர்ந்தோர் இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கத் தொலைவாக்கு இயந்திரம் ஒன்றை அறிவித்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் வாக்குகளை அது பதிவு செய்யும் என்றது. 2019 தேர்தலில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை என்பதையும் ஆணையமே எடுத்துக்காட்டியது. 2023 சனவரியில் கட்சிகளை அழைத்தது. பல கட்சிகள் எதிர்த்தன. 2024 தேர்தலில் அந்த இயந்திரம் பயன்படவில்லை.

எழுந்த ஐயங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. புலம்பெயர்ந்தவர் யார் என்று எப்படி வரையறுப்பது? தொலைவூர்ச் சாவடியில் எல்லா வேட்பாளருக்கும் முகவர் இருப்பாரா? தேர்தல் நடக்காத மாநிலத்தில் நடத்தை விதிகளை யார் காப்பது? விடை காண வேண்டிய கேள்விகள்தாம். கைகழுவ வேண்டிய கேள்விகள் அல்ல. படைவீரருக்கு மின்னணு வழியில் வாக்குச்சீட்டு அனுப்பத் தெரிந்த அரசுக்குக் கட்டடத் தொழிலாளிக்கு வழி காணத் தெரியாதா? வாக்கு இயந்திரங்கள் செய்யும் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் இதே ஐதராபாத்தில் இருக்கிறது. இயந்திரத்தின் இயல்பு அறிந்த பொறியாளர் மக்களவையில் இருக்கிறார். ஐயங்களைத் தீர்க்கும் திட்டத்தை அவையில் அவர் வலியுறுத்த வேண்டும். தொழில்நுட்பர் ஒருவர் மன்றம் சென்றதன் பயன் அதில்தான் விளங்கும்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாகாது. 2025 டிசம்பரில் வெளியான தமிழகத்தின் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றில் பெரும்பகுதி இடம் பெயர்ந்தவர்கள் என்ற காரணத்தால் விடுபட்டவை. ஊரிலும் பெயரில்லை, இங்கும் பெயரில்லை என்ற நிலை வந்தால் எந்தக் கட்சிக்காரன் நம் குடிசைப் பக்கம் எட்டிப் பார்ப்பான்?

சட்டப்படி ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் வாக்கு. வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அந்த இடம். இங்கே நிலையாகக் குடியிருப்போர் படிவம் 8 கொடுத்து ஊர்ப் பெயரை இங்கு மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியலில் எங்குமே பெயர் இல்லாதவர் படிவம் 6 கொடுங்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளையும், வீட்டுப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள்.

கோடிகள் உள்ளவரின் குரல் தானே மன்றம் போய்ச் சேரும். கூலிக்காரன் குரல் போய்ச் சேர வாக்கு ஒன்றே வழி. அதைக் கைநழுவ விடோம்!