அத்தை வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன விலை?

போன ஞாயித்துக்கிழமை ஊர்ல இருந்து அத்தை போன். தேவகோட்டை பக்கம் கிராமம். மாமா போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்ல. அவ்வளவு பெரிய வீட்டுல அத்தை மட்டும்தான். கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடி டைல்ஸையும் பாக்க வர்றவங்களுக்கு ரெண்டு ரூமை வாடகைக்கு விடலாமேன்னு யாரோ யோசனை சொல்லியிருக்காங்க.

"நீதான் லண்டன்ல இருக்கியே. வெள்ளைக்காரன் ராத்திரிக்கு என்னடா சாப்பிடுவான்? நூடுல்ஸ், பனீர் எல்லாம் நான் கத்துக்கணுமா? அப்புறம்... சோத்துக்குக் காசு கேக்க எனக்கு வாய் வராதுடா. ரூமுக்கு மட்டும் வாங்கிக்கட்டுமா?"

யோசிச்சுச் சொல்றேன் அத்தைன்னு வச்சுட்டேன். யோசிச்சதுதான் இது.

ரெண்டு வருஷம் முன்னாடி, செப்டம்பர் கடைசி. தீசிஸை ஒப்படைச்ச கையோட நானும் ரூம்மேட்டும் ஹெர்ஃபோர்ட் பக்கம் கிளம்பிட்டோம். பாடிங்டன்ல ரயில் ஏறினா மூணு மணி நேரம். எங்க பாத்தாலும் ஆப்பிள் தோட்டம், மாடு. தங்கினது ஒரு பண்ணை வீடு. இங்கிலாந்துல இந்த மாதிரி 'பி அண்ட் பி'ல பொதுவா படுக்கையும் காலைச் சாப்பாடும்தான், ராத்திரிக்கு பப் தேடி நடக்கணும். இந்த அம்மா மட்டும் முன்கூட்டியே சொன்னா ராத்திரிக்கும் சமைப்பாங்க. முதல் நாளே போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "என்னவெல்லாம் சாப்பிட மாட்டீங்க?" என்ன வேணும்னு கேக்கவே இல்லை!

நான் சைவம்னு சொன்னேன். லீக்கும் உருளைக்கிழங்கும் வச்ச பை, தோட்டத்து பீன்ஸ், கடைசியில ஆப்பிள் கிரம்பிளும் கஸ்டர்டும். அவங்களும் வீட்டுக்காரரும் எங்ககூடவே உக்காந்து அதையேதான் சாப்பிட்டாங்க. உப்பு கம்மி, காரம்ங்கற பேச்சுக்கே இடமில்லை :-) ஆனா லண்டன்ல காசு கொடுத்துத் தின்ன எதுவும் இந்த அளவுக்கு ஞாபகத்துல நிக்கலை. மறுநாள் காலையில பில் வந்தது. ரூம் தனி, சாப்பாடு தனி. சிரிச்ச முகமாத்தான் கொடுத்தாங்க, ஒரு சங்கடமும் படலை.

பக்கத்துல பிரான்ஸ்ல இதுக்கு விதியே வச்சிருக்காங்க. வீட்டுல ஆள் தங்க வைக்கிறவங்க அதிகபட்சம் 5 ரூம், 15 பேர்தான் வச்சுக்கலாம். ராத்திரிச் சாப்பாடும் போட்டா ஒரே மெனுதான். குடும்பம் சாப்பிடுற மேசையிலதான், தங்கியிருக்கறவங்களுக்கு மட்டும்தான். பத்துப் பக்க மெனு கார்டு நீட்டினா அது ஹோட்டல், அதுக்கு வேற சட்டம்.

நம்ம ஊர்லயும் இதுக்கு உதாரணம் உண்டு. காரைக்குடியில மீனாட்சி மெய்யப்பன் 1999-ல ஆரம்பிச்ச 'பங்களா'வுக்கு ஆளுங்க தேடிப் போறதே வாழை இலையில போடற செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காக. அதைவிட்டுட்டு சில இடங்கள்ல வாசல்ல 'வீட்டுச் சாப்பாடு'ன்னு போர்டு, உள்ள போனா கோபி மஞ்சூரியன். எந்த வீட்டுல தினமும் கோபி மஞ்சூரியன் தின்னுறாங்க?

ஆக, முதல் கேள்விக்கு பதில்: நூடுல்ஸ் வேண்டாம் அத்தை. வெண்டைக்காய் மண்டியும் ரசமும் போதும்.

சரி, வந்தவருக்கு அது பிடிக்கலைன்னா? 1888-ல சட்டம் படிக்க லண்டன் வந்த காந்தி, மேற்கு கென்சிங்டன்ல ஒரு விதவை அம்மா வீட்டுல காசு கொடுத்துத் தங்கினார்.  வச்சதுக்கு மேல கேக்க வெக்கப்பட்டு அரைவயித்தோட இருந்ததை அவரே சுயசரிதையில எழுதியிருக்கார். காசு கொடுத்தாலும் வந்தவர் வாயைத் திறந்து கேக்க மாட்டார், வீட்டுக்காரங்கதான் கேக்கணும். இலையைப் பாத்தே யாருக்கு என்ன குறையுதுன்னு கண்டுபிடிக்கற வித்தை எங்க அத்தைக்குக் கைவந்தது. நூடுல்ஸைவிட அதுதான் பெரிய சரக்கு.

ரெண்டாவது கேள்விதான் கஷ்டம். 'சோத்தை விக்கறதா'ங்கற கூச்சம் நமக்கு ரத்தத்துல ஊறினது. வள்ளுவர் விருந்தோம்பலுக்குன்னே ஒரு அதிகாரம் வச்சிருக்கார், வாஸ்தவம். ஆனா சொந்தபந்தமா வர்ற விருந்தாளி வேற, ரூம் புக் பண்ணி வர்றவர் வேற.

இங்கிலாந்துல சொந்த வீட்டுல ரூம் விட்டு வருஷத்துக்கு 7,500 பவுண்டு வரைக்கும் சம்பாதிச்சா வரி கிடையாது. அந்தக் கணக்குல வாடகை மட்டுமில்லை, சாப்பாட்டுக்கும் துணி துவைக்கறதுக்கும் வாங்கற காசும் சேரும். சமைக்கறதும் துவைக்கறதும் வருமானம் தர்ற வேலைன்னு வரிக்காரனுக்கே தெரியுது. நமக்குத்தான் தெரியலை. அறுபத்திரண்டு வயசுல, முட்டிவலியோட, காலையில எந்திரிச்சு தேங்காய் அரைக்கறது 'வீட்டு வேலை'. நாலு சுவர் சும்மா நிக்கறதுக்கு வாடகை!

இன்னொண்ணும் இருக்கு. சும்மா போடற சோத்துக்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்னாலும் அடுப்பைப் பத்த வைக்கணும், முடியலைன்னு சொன்னா பாவம். விலை வச்ச சோத்துக்கு நேரமும் வைக்கலாம். எட்டு மணிக்குச் சாப்பாடு, முதல் நாளே சொல்லணும், செவ்வாய்க்கிழமை கிடையாதுன்னு தைரியமா சொல்லலாம். கூடமாட ஒத்தாசைக்கு வர்ற அக்காவுக்கு ஒழுங்கா சம்பளமும் கொடுக்கலாம்.

நேத்து போன் பண்ணி இத்தனையும் சொன்னேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ல பதிவு பண்ணணும்னும் சொன்னேன். அத்தை பொறுமையா கேட்டாங்க.

"மண்டியும் ரசமும் தின்பானாடா வெள்ளைக்காரன்?"

"தின்பான் அத்தை. காசு கொடுத்துத் தின்பான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க: "சரி, பத்து வருஷம் லீவுக்கு லீவு வந்து தின்னுட்டுப் போனியே, உனக்கு எவ்வளவுடா பில் போடறது?"