வயசைக் காட்டி கைவிடாதீங்க

கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பெரியவங்க மன்னிக்கணும்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம். கோயிலுக்குப் பூ கட்டித் தர்ற பாட்டிக்கு மார்புல கட்டி (அவங்க அனுமதியோடதான் எழுதுறேன்). டாக்டர் ஆப்ரேஷன் பண்ணலாம்னு சொல்லியிருக்காரு. பக்கத்துல ஒருத்தர் பாட்டி காதுபடவே சொல்றாரு: "எழுபத்தாறு வயசுல கத்தி வச்சா பரவிடும். சாமி பாத்துக்கும், விடுங்க." பாட்டி தலையைக் குனிஞ்சு இலையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கத்தி வச்சா பரவும்கிறது தப்பு. வைத்தியம் பார்க்காம விட்டாத்தான் பரவும். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கைப்படி, நம்ம நாட்டுல 100 பேர்ல 60 பேருக்கு மேல மூணாம், நாலாம் கட்டத்துலதான் கண்டுபிடிக்கிறாங்க.

வைத்தியம்னா எல்லாருக்கும் முழு கீமோ கிடையாது. ஹார்மோனால வளர்ற மார்புப் புற்றுநோய்க்கு தினமும் சாப்பிடுற மாத்திரை இருக்கு. கீமோ அளவையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி குறைக்கலாம். பார்க்க வேண்டியது இதயம், சிறுநீரகம், நடமாட்டம், ஞாபகம், வீட்டுல துணை. ஐசில இருக்குற வருஷத்தை மட்டும் இல்ல.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். பழைய மெஷினைத் தயாரிச்ச வருஷம் பார்த்து இரும்புக் கடைக்கு அனுப்ப மாட்டோம். திறந்து, எது தேஞ்சிருக்குன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். பெத்த தாய்க்கு அந்த மரியாதை கூட இல்லையா?

அடுத்தவங்களை மட்டும் சொல்லல. எங்க அம்மாவுக்கு மலத்துல ரத்தம் போனப்ப "வயசானா மூலம் வரும்"னு சொன்னவன் நான். எட்டு மாசம் போச்சு. அப்புறம் டாக்டர் அம்மாகிட்ட கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன்: "வேணாம் டாக்டர், வயசாயிடுச்சு." அம்மாவை ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கும் தூக்கம் வரல.

வைத்தியம் வேணாம்னு பெரியவங்களே முடிவு பண்ணா அது அவங்க உரிமை. வலி தெரியாம பாத்துக்க ஹாஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்குல வீட்டுக்கே வந்து இலவசமா உதவுறாங்க. ஆனா முடிவு அவங்க வாயில இருந்து வரணும்.

50 முதல் 75 வயசுக்காரங்க அரசாங்க கிளினிக்ல மலப் பரிசோதனை கேளுங்க. பெக்கா பி40ல 40 வயசுக்கு மேல இலவசப் பரிசோதனை, புற்றுநோய் சிகிச்சையை முடிச்சா 1,000 வெள்ளி வரைக்கும் உதவி. தகுதி இருக்கான்னு பாருங்க.

சாமி பாத்துக்கும், சரி. ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுறது நம்ம வேலை. பாட்டிகிட்ட கேட்டேன். "டாக்டர்கிட்ட பேசிப் பாக்குறேன் தம்பி"ன்னாங்க. திங்கட்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்.