வரி கேட்பவர் கணக்குக் காட்டட்டும்

வரி கொடுப்பது பாவம் என்று நினைக்கிறவன் அல்ல நான். வீதியில் விளக்கு எரிய வேண்டும், குப்பை அள்ளப்பட வேண்டும், காசு மட்டும் வானத்திலிருந்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் கனவான்களிடம் எனக்கு அனுதாபம் கிடையாது. சொத்து வரி நியாயமான வரி. அதைப் போடுகிற விதத்தோடுதான் எனக்குச் சண்டை.

கூடுவாஞ்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நந்திவரத்தோடு சேர்ந்து பேரூராட்சியாக இருந்த ஊர், 2021-ல் நகராட்சி ஆயிற்று. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றிலும் சொத்து வரி ஏறிற்று. இதைப் போன்ற நகராட்சிகளில் குடியிருக்கும் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை நூற்றுக்கு 25 கூடுதல். 1200 வரை 50. 1800 வரை 75. அதற்கு மேல் 100.

சிறு வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் அரையாண்டுக்கு 1000 ரூபாய் கட்டி வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வீடு 1200 சதுர அடி. இனி அவர் 1500 கட்டுவார். மற்றவர் வீடு 1201; அவர் 1750. ஒரு குடம் வைக்கும் இடத்துக்கு 250 ரூபாய்! பொய்க்கு இப்படிப் பரிசு வைத்துவிட்டு, ஜனங்கள் அளவை மறைக்கிறார்களே என்று அங்கலாய்ப்பதில் என்ன அர்த்தம்?

வரித் தொகை எப்படிப் பிறக்கிறது? வீதி எந்த மண்டலம், அங்கே சதுர அடிக்கு என்ன மதிப்பு, கட்டடத்துக்கு என்ன வயது, குடியிருக்கவா கடை போடவா என்று பார்த்துப் பெருக்கிக் கழிக்கிறார்கள். முறையில் குற்றமில்லை. ஆனால் எத்தனை வீட்டுக்காரருக்கு அது தெரியும்? முதல் முப்பது நாளில் கட்டினால் நூற்றுக்கு 5 தள்ளுபடி என்பது தெரியும். தம் வீதி எந்த மண்டலம் என்பது தெரியாது. கணக்குத் தெரியாதவன் முறையீடு செய்யமாட்டான், ஆள் பிடிப்பான். தரகன் பிறக்கும் இடம் அதுதான்.

2018-ல் உயர்த்திய வரியை, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது. ஏப்ரலில் வரி ஏறிற்று. ஆட்சி மாறியது, பஞ்சாங்கம் மாறவில்லை. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்துக்கு நிபந்தனை வைத்தது என்றார்கள். மெய்தான். கணக்கை மூடிவை என்று அது நிபந்தனை போடவில்லையே!

பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டு ஆகிறது. இன்றைக்கு ஒரு தகரப் பலகை போதும்.

வீதிக்கு ஒரு பலகை வையுங்கள். கதவு எண், சதுர அடி, மண்டலம், வரி, பாக்கி. கீழே, அந்த வீதிக்குச் செய்த செலவு. கல்யாண மண்டபம் ஓட்டு வீட்டு வரி கட்டினால் வீதியே பார்த்துக் கேட்கும். பலகைக்குச் செலவாகுமே என்கிறீர்களா? அதையும் என் வரியில் சேர்த்துப் போடுங்கள், கட்டுகிறேன்.