அறுக்கும் முன் ஒரு நிமிடம்!



நம் பேரவை மேடையில் எத்தனையோ பட்டிமன்றம் பார்த்துவிட்டோம். படிப்பா பணமா, கிராமமா நகரமா என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கேண்டீன் பெஞ்சில் வருடம் முழுக்க ஒரு பட்டிமன்றம் நடக்கிறதே, அதற்கு நடுவரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. "வீட்டில் கிடக்கிற பழைய புல்லட்டை அப்படியே காப்பாற்றி வைப்பதா? இல்லை, நம்ம இஷ்டத்துக்கு மாற்றிவிடுவதா?" இதுதான் அந்தத் தலைப்பு.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வெட்டிப் பேச்சு அல்ல. தோட்டத்து வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ, தறிக்கூடத்து மூலையிலோ, சாக்குப் போட்டு மூடிய ஒரு உருவம் பல வீடுகளில் நிற்கிறது. அப்பாரு ஓட்டிய புல்லட், மாமா வாங்கிய ஜாவா, சித்தப்பாவின் ஆர்.எக்ஸ். 100... டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்த பேரனுக்கு ஒருநாள் அதன்மேல் கண் விழுகிறது. "அப்பாரு, இந்த வண்டிய நான் எடுத்துக்கட்டுங்களா?" என்கிறான். "எடுத்துக்க கண்ணு" என்கிறார் அவரும். இதுவரை சுபம். அடுத்த வாரமே நண்பன் ஒருவன் வருவான். "மாப்ளே, பின்பக்கத்த அறுத்து எறிஞ்சிட்டு ஒத்த சீட்டு போடு. சைலன்சரக் கழட்டி விடு. தெருவே திரும்பிப் பாக்கும்!" என்பான். பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றி மாற்றலாம். அறுத்து மாற்றக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான வாதம் உண்டு. "நம்ம ஊரே மாற்றிக் கட்டுகிற ஊர்தானே? நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குக் கூண்டு கட்டித்தானே நாடு முழுக்கப் பெயர் வாங்கினோம்? திருச்செங்கோட்டில் லாரி மேல் கம்ப்ரசரையும் டவரையும் ஏற்றி ரிக் வண்டியாக்கி, வடநாடெல்லாம் போர் போடவில்லையா? டி.வி.எஸ். 50-க்குப் பெரிய கேரியர் அடித்துப் பால் கேனும் முட்டை அட்டையும் ஏற்றவில்லையா? அதெல்லாம் சரி, புல்லட்டை மாற்றினால் மட்டும் குற்றமா?"

நியாயமான கேள்வி. ஆனால் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கம்பெனியிலிருந்து லாரி சேஸிஸ் எப்படி வரும்? இன்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும்தான். பலகைப் பெட்டி மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர்கள் சேஸிஸ் ஓட்டி வந்த காட்சியை நம் அப்பாக்கள் சொல்வார்கள். அது முடிக்காமல் விட்ட பொருள். கூண்டு கட்டுபவர் அதை முடித்து வைக்கிறார். மொபெட்டில் கேரியர் அடித்தவர் வயிற்றுப் பிழைப்புக்காக அடித்தார். வேலை முடிந்தால் நாலு போல்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். பழைய புல்லட்டோ முடித்து அனுப்பிய பொருள். அதை அறுப்பது கட்டுமானம் ஆகுமா?

சரி, அதில் அப்படி என்ன பெருமை? கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம். ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்தின் ரெடிச் நகரில். நம் ராணுவத்தின் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று புல்லட் தேர்வானது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். தாய்க் கம்பெனி 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பிள்ளை இங்கே நிற்காமல் ஓடியது! 1977-ல் நம் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கற்றுக் கொடுத்தவனுக்கே திருப்பி விற்ற வண்டி நண்பர்களே அது!

மற்றவையும் சளைத்தவை அல்ல. மைசூரில் ஐடியல் ஜாவா 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1970-களில் எஸ்டி என்று பெயர் மாற்றியது. 1996-ல் மூடியது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கர் லீவரே கியர் லீவர் என்று அதில் எத்தனை விசித்திரம்! ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985-ல், நின்றது 1996-ல். 98 சி.சி., 11 குதிரைத்திறன். சத்தமோ இன்னும் காதில் நிற்கிறது. இதே பெயர்களில் இன்று புது வண்டிகள் வரலாம். ஜாவா 2018-ல் வந்தது, எஸ்டி 2022-ல் வந்தது. ஆனால் அந்தப் பழைய இன்ஜின்கள் இனி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரப்போவதில்லை.

நமக்கு, அதாவது டிப்ளமோ மாணவனுக்கு, இதில் தனிச் சம்பந்தம் இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு புல்லட் இன்ஜின் ஒரு திறந்த புத்தகம். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; கணக்குப் போட்டால் 346 சி.சி. வருகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். புஷ்ராடு, டாப்பெட், பாயிண்ட், தனி கியர்பாக்ஸ், பிரைமரி செயின் என்று புத்தகத்தில் படமாகப் பார்த்ததெல்லாம் கையில் தொடும்படி இருக்கும். ஒரு பானா செட்டும் பொறுமையும் போதும். இன்றைய வண்டியில் பாதி விஷயம் கறுப்புப் பெட்டிக்குள் போய்விட்டது. ரீபோர் அடிப்பவர், கிராங்க் பின் மாற்றி அலைன்மென்ட் பார்ப்பவர், ஸ்போக் கட்டி ரிம் கோட்டம் எடுப்பவர், டாங்கில் கையாலேயே கோடு இழுப்பவர் என்று எத்தனை கைத்தொழில் இந்த வண்டிகளை நம்பி நிற்கிறது! வண்டி முழுசாக இருந்தால்தான் அவர்களுக்கு வேலை. அவர்களுக்கு வேலை இருந்தால்தான் நாம் கற்க ஆள் இருக்கும்.

இப்போது பொறியியலுக்கு வருவோம். சுவர் இருந்தால்தான் சித்திரம். வண்டிக்குச் சுவர் சேஸிஸ். அதை கிரைண்டரால் அறுத்து, வேறு பைப்பை வைத்து வெல்டிங் அடித்தால் என்ன ஆகும்? வெப்பம் பட்ட இடத்தில் உலோகத்தின் குணம் மாறும் என்று நாம் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். அந்த விரிசலைப் பெயிண்ட் மறைக்கும், ரோடு மறைக்காது. முன் ஃபோர்க்கை நீட்டி 'சாப்பர்' செய்தால், ஹேண்டில் சாய்வும் டிரெயிலும் மாறிவிடும். மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலா இதைச் சோதித்துப் பார்ப்பது?

சைலன்சர் விஷயமும் அப்படித்தான். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல, இன்ஜினின் ஒரு பாகம். அதன் விரிந்து சுருங்கும் வடிவம்தான், வெளியே தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையை அழுத்த அலையால் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும். காசு கொடுத்து பலத்தைக் குறைத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

"வெள்ளைக்காரனே கஃபே ரேசர் கட்டினானே?" என்பார்கள் சிலர். உண்மைதான். 1950, 60-களில் லண்டன் ஏஸ் கஃபே பக்கம் இளைஞர்கள் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் கைவைத்தது அன்று கடையில் கிடைத்த வண்டியில். ஒன்று கெட்டால் இன்னொன்று கிடைக்கும். நாம் கைவைப்பது இனி வராத வண்டியில். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால், கான்டினென்டல் ஜி.டி. 650 என்று நம் தமிழ்நாட்டிலேயே 2018-லிருந்து செய்கிறார்களே!

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புக்கில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். கவனியுங்கள், மாற்றம் ஒன்றுக்கு!

இன்னொரு விதி நம்மில் பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். 1975-ல் பதிவான வண்டிக்கு 2025-ல் பொன்விழா வந்துவிட்டது. கொட்டகையில் இருக்கும் வண்டி வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு அறுத்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினம் காலேஜுக்கு வர முடியாது. தினம் ஓட்டுகிறவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதுதான் நல்லது.

அப்படியானால் ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவே இல்லை! சாக்குப் போட்டு மூடி, ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. அது துருவுக்கு வண்டியைத் தத்துக் கொடுப்பது. ஓடாத வண்டி கடைசியில் காயலாங்கடைக்குத்தான் போகும். வண்டி ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் சில மாற்றம் கட்டாயம்.

சேலம்-நாமக்கல் நெடுஞ்சாலையில் ராத்திரி பழைய 6 வோல்ட் வெளிச்சத்தில் போவது வீரம் அல்ல, விபரீதம். 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள், பழைய ஒயரிங்கைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல டயரும் புது பிரேக் லைனிங்கும் போடுங்கள். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வேண்டுமா? தாராளமாகப் போடலாம், வேண்டாமென்றால் ஒரு மணி நேரத்தில் பழையதைத் திரும்பப் பூட்டிவிடலாம். இப்போது பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் டியூபும் வாஷரும் அதற்குத் தாங்காது. எத்தனால் தண்ணீரை இழுப்பதால் நிறுத்தி வைத்த வண்டியின் டாங்க் துருப்பிடிக்கும். கலவையும் கொஞ்சம் லீன் ஆகும். ஆகவே எத்தனால் தாங்கும் டியூப் போட்டு, தேவைப்பட்டால் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டுவது அந்த இன்ஜினைக் காப்பாற்றும் வேலை. கம்பெனியே காலத்துக்கேற்ப வார்ப்பிரும்பு இன்ஜினை விட்டுவிட்டதே! மாற்றம் எனக்கு எதிரியல்ல. திரும்பி வர முடியாத மாற்றம்தான் எதிரி.

ஏற்கெனவே யாரோ அறுத்துவிட்ட வண்டி, நாலு வண்டியின் பாகம் சேர்ந்த கதம்பம், உங்கள் கைக்கு வந்தால்? அங்கே காப்பாற்ற அசல் எதுவும் இல்லை. பேப்பர் சரியாக இருந்தால், சட்டத்துக்குள் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள். நான் கைதட்டுவேன்.

கோவை ஜி.டி. நாயுடுவை (1893-1974) நாம் எல்லாரும் அறிவோம். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியவர் அவர். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அங்கே ஆரம்பித்த படிப்புதான் அவரைத் தொழில் மேதையாக்கியது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானவரும் அவரே. கழற்றிப் பூட்டியதால் ஒரு பாலிடெக்னிக்கே பிறந்தது. ஆக்ஸா பிளேடால் அறுத்து யாரும் மேதையானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனவே நண்பர்களே, வண்டியில் கைவைக்கும் முன் மூன்றே கேள்வி. ஒன்று: இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையபடி மாற்ற முடியுமா? இரண்டு: மாற்றம் ஓட்டுகிறவனுக்கா, வேடிக்கை பார்க்கிறவனுக்கா? மூன்று: கழற்றிய பாகத்தைச் சாக்குப் பையில் கட்டி, சீட்டு எழுதிப் பரண்மேல் வைத்தாயிற்றா? மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் பானாவை எடுங்கள். இல்லையென்றால் கிரைண்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அந்த வண்டி நமக்கு முன்னால் ஒரு தலைமுறையைச் சுமந்திருக்கிறது. நமக்குப் பின்னால் வரும் ஜூனியருக்கும் அதில் ஒரு பாடம் பாக்கி இருக்கட்டுமே!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை