வெயிலில் படுத்த காரை நிழலில் சோதிக்காதீர்கள்!

நாக்பூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. நம்மூர் கத்திரியையே பார்த்தவன் நான் என்ற மிதப்பு முதல் மே மாதத்திலேயே போய்விட்டது. 45 டிகிரி இங்கே சர்வ சாதாரணம். மனுஷனுக்கே இந்தக் கதி என்றால் பானட்டுக்குள் கிடக்கும் இக்னிஷன் காயிலுக்கு?

போன வருஷம் மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. வர்தா ரோட்டில் எங்கள் பழைய பெட்ரோல் கார் உதற ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. பின்சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, மடியில் பையன். வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம் நின்றோம். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் கார் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது!

மறுநாள் காலை எட்டரைக்கு, ஆபீஸ் போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "சாஹப், காடி ஏக்தம் டீக் ஹை" என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பிளக் மாற்றினார்கள். மறுபடி உதறல். அடுத்து பெட்ரோல் பம்ப். மறுபடி உதறல். பர்ஸ் காலி :-)

என் கட்சி இதுதான்: சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். காயிலுக்குள் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய தாமிரக் கம்பி. அதன் இன்சுலேஷன் பழசாகி விட்டுப்போனால், சூடேறும்போது மின்சாரம் உள்ளேயே கசியும், ஸ்பார்க் போகாது. ஆறினால் சரியாகிவிடும். காலையில் சோதிப்பது, காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போகிற மாதிரி.

மூன்றாவது முறை அரைநாள் லீவு போட்டு, மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி வெயிலில் ஓட்டினேன். உதறியதும் ஸ்கேனரை மாட்டினார். பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். எஞ்சினை அணைத்து, மூன்றாவது காயிலையும் முதலாவதையும் இடம் மாற்றினார். கோடை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினோம். இப்போது பி0301! கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக், ஒயர், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். ஒரே ஒரு காயில் மாற்றினோம், முடிந்தது.

மல்டிமீட்டர் போதாதா என்பீர்கள். தாமிரத்தின் மின்தடை 10 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் ஏறும். சூட்டில் அளந்ததைப் புத்தகத்தில் இருக்கும் குளிர்ந்த அளவோடு ஒப்பிட்டால் நல்ல காயிலும் குப்பைக்குப் போகும். எஞ்சின் அடியோடு நின்றுவிட்டால் கிராங்க் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சூட்டில் மக்கர் பண்ணும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அரைகுறை ஹிந்தியில் "ப்ராப்ளம் ஹை" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஓடியது நான்தானே? எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் ஓடியபின், எவ்வளவு நேரம் ஆறியதும் சரியானது என்று நான் சொல்லவே இல்லை. "கரம் ஹோனே கே பாத் ஹோதா ஹை" என்ற ஒரு வரியைக் கற்றுக்கொள்ளுங்கள் மக்களே. சோதிக்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள்.

இந்த மே மாதமும் அம்மா வருகிறார். ஏப்ரலிலேயே ஒரு மத்தியானம் ஓட்டிப் பார்த்துவிடப் போகிறேன். நீங்கள்?