கடைமடைப் பள்ளிக்கூடம்

ஒதியம்பட்டிலிருந்து வந்திருக்கும் ஒரு வாசகர் கடிதத்தில் நெல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சொந்த நிலம் ஒரு காணி, குத்தகை ஒரு காணி, கறவை மாடு இரண்டு. மூத்த பையன் தனியார் ஆங்கிலப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப் போகிறாள். ஆறாம் வகுப்புக்கு அவளையும் அண்ணன் படிக்கிற பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்கிறார்கள் வீட்டில். அப்படியானால் ஒரு மாட்டை விற்றாக வேண்டும். “இப்போது அரசுப் பள்ளியிலும் சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது என்கிறார்களே, பிறகு எதற்கு மாட்டை விற்க வேண்டும்? அல்லது விற்றுத்தான் ஆக வேண்டுமா?” என்று கேட்கிறார். அந்தப் பெண் வேளாண்மைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாளாம்.

விவசாயப் பத்திரிகையில் பள்ளிக்கூடக் கேள்விக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். எந்த உழவர் உதவியகத்துக்கும் ஜூன் மாதத்தில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும். சொர்ணவாரி நெல்லுக்கு மேலுரம் போடுகிற நேரமும் பள்ளிக்குப் பணம் கட்டுகிற நேரமும் சேர்ந்தே வருகின்றன. பயிருக்கென்று கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து வாங்கிய பணம் பள்ளி அலுவலகத்தில் இறங்கிவிடுகிறது. யூரியா பத்து நாள் தள்ளிப் போகிறது. தூர் கட்டும் பருவம் யாருக்காகவும் காத்திருக்காது. அறுவடையில் மூட்டை குறையும்போது விதையைக் குறை சொல்கிறோம். பல வீடுகளில் குறை விதையில் இல்லை.

சரி, பாடத்திட்டம். புதுச்சேரிக்கென்று தனியாகக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. தொடக்க வகுப்புகளில் சி.பி.எஸ்.இ. முன்பே நுழைந்துவிட்டது. 2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் மாறின. அடுத்த ஆண்டு 10, 12 வகுப்புகளும் மாறின. 2025-இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதினார்கள். அந்த முதல் அணிதான் பாவம். எட்டாவது வரை ஒரு புத்தகம் படித்தவர்கள் இரண்டே ஆண்டில் வேறு புத்தகத்தில் பத்தாவது எழுதினார்கள். பத்தாவது வரை தமிழ்நாட்டுப் பாடம் படித்தவர்கள் பன்னிரண்டாவதை சி.பி.எஸ்.இ.யில் எழுதினார்கள். ஆறாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மாற்றியிருக்கலாம். நாற்றங்காலில் செய்ய வேண்டியதைத் தூர் கட்டிய பயிரில் செய்தார்கள்.

கடிதம் எழுதியவரின் மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தொடக்க வகுப்பிலிருந்தே அவள் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறாள். சி.பி.எஸ்.இ. பாடத்துக்காக அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டிய அவசியம் இனி இல்லை.

அப்படியானால் இரண்டு பள்ளிக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. 2011 ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைத் திறந்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் புத்தகத்தைச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும். அறிவியலுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று இருக்கிற பள்ளியும், இருக்கிற ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பள்ளியும் ஒரே புத்தகத்தால் ஒன்றாகிவிடாது.

பாகூர் ஏரிப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பிவிட்டது என்று பத்திரிகையில் படம் வரும். தலைமடைக்காரர் நிம்மதியாக நாற்று விடுவார். கடைமடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு மடையைப் பார்ப்பார். ஏரி நிரம்பியதா என்பது அவருக்குக் கணக்கில்லை, தன் வயலில் ஈரம் ஏறியதா என்பதே கணக்கு. கல்விக் கொள்கையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை கோடி என்பதெல்லாம் ஏரிக் கணக்கு. கடைசி ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இருக்கிறாரா என்பதுதான் மடைக் கணக்கு.

பாகூரைச் சொன்னதால் இன்னொன்று. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதன் செலவுக்காக மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. கல்விக்கு அரசு செலவு செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்லலாம். அங்கே உட்கார்ந்து படித்தவர்கள் வேதம் கற்ற அந்தணர்கள். அந்த மூன்று ஊரிலும் உழுது வரி கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பணம் கடைமடையிலிருந்து போயிருக்கிறது, படிப்பு திரும்பி வரவில்லை.

இன்றைக்குச் சட்டம் வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பவற்றை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தாலும் குறைந்தது இரண்டு ஆசிரியர். 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். அவர்களில் அறிவியலும் கணக்கும் நடத்த ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு. மேல்தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர வேறு எதற்கும் ஆசிரியரை வெளியே இழுக்கக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, சட்டத்தில் எழுதியிருப்பவை.

ஆகவே ஓர் அரசு தன் பள்ளிகளைச் சமமாக்க நினைத்தால் முதல் வேலை ஆசிரியரைப் பகிர்வது. கட்டடம், திரை, கணினி எல்லாம் அதற்குப் பிறகு. நகரத்தை ஒட்டிய இடமாகக் கேட்டு வாங்குவது எல்லாத் துறையிலும் உள்ள பழக்கம். வேளாண் துறையும் அதற்கு விதிவிலக்கில்லை. கொம்யூன் ஊர்ப் பள்ளியில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தாக வேண்டும் என்ற விதியை எழுதுவது எளிது. சிபாரிசுக் கடிதம் வரும்போது விதி நிற்கிறதா என்பதில்தான் அரசின் நேர்மை தெரியும். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு வேடிக்கையான, ஆனால் விவரமான உத்தரவு போட்டது: அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று உத்தரப் பிரதேச அரசுக்குச் சொன்னது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் கழிப்பறைத் தண்ணீர்க் குழாய்க்கு யாரும் மனு எழுத வேண்டியிருக்காது.

இரண்டாவது, சின்னப் பள்ளிகள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் நடக்கப் போவது ஏழு வயதுப் பிள்ளை. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்வது அதனால்தான். பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று கேட்காமல் பள்ளியை மூடுவது, தூர் வாராமல் ஏரியைத் தரிசு என்று எழுதுவது போன்றது. கேரளம் 2017-இல் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது வேறு வழியில் போனது. ஊர்க்காரர்களையும் உள்ளாட்சியையும் உள்ளே இழுத்தார்கள், எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் கொடுத்தார்கள். தனியார் பள்ளியிலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தமிழ்நாடு 2025 ஆகஸ்ட் 8-இல் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. இருமொழி, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கம் ஆகியவைதான் செய்தியில் அடிபட்டன. அதன் பலனும் கடைசி ஊரில்தான் தெரியவரும்.

இனி மகளின் வேளாண் ஆசை. அரசுப் பள்ளியில் படிப்பதால் கைக்கு வரக்கூடிய ஒன்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. புதுச்சேரியில் 2023 முதல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம். எந்த வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், எந்தெந்தப் படிப்புக்குப் பொருந்தும் என்பது ஆண்டுதோறும் சென்டாக் வெளியிடும் கையேட்டில் இருக்கும். காரைக்கால் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரிக்கும் சென்டாக் வழிதான். பள்ளியை மாற்றுவதற்கு முன்பே அந்தக் கையேட்டை வாங்கிப் படிப்பது நல்லது. இடையில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குப் போய்வந்ததால் தகுதி போனது என்று பன்னிரண்டாவதில் தெரிந்து பயனில்லை.

சி.பி.எஸ்.இ. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் விவசாயம் ஒரு திறன் பாடமாகவே இருக்கிறது. மேல்வகுப்புக்கு அவள் போகவிருக்கும் பள்ளியில் அது உண்டா என்று கேட்கலாம். இல்லை என்றால் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்கு இடமும் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஊரில் குழுக் கூட்டம் என்றைக்கு நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பாசனச் சங்கக் கூட்டத்துக்குப் போகாதவருக்கு முறைத் தண்ணீர் எப்படி வரும்?

வாசகருக்கான விடை: மாட்டை விற்க வேண்டாம். ஒரு சாதாரண வேலை நாளில், விழா எதுவும் இல்லாத நாளில், பத்து மணிக்கு மகள் சேரவிருக்கும் பள்ளிக்கு மனைவியோடு போய்ப் பார்க்கட்டும். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டே கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கேயே சேர்க்கலாம். இல்லை என்றால் அந்தக் குறையைக் குழுவின் தீர்மானமாக எழுதி வாங்கிக் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். பத்துப் பெற்றோர் கையெழுத்து இருந்தால் கோப்பு சீக்கிரம் நகரும். வீட்டில் பையனுக்குச் செலவு, பெண்ணுக்கு அரசுப் பள்ளி என்று பிரித்ததாக அவள் மனதில் படக் கூடாது. அதை அவளிடம் உட்கார்ந்து பேச வேண்டியது அப்பாவின் வேலை.

கடிதத்தின் பின்பக்கத்தில், விற்க நினைத்த மாட்டின் ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். அது மடிநோய். நோய்ப்பட்ட காம்பைக் கடைசியாகக் கறக்க வேண்டும். அந்தப் பாலைத் தொழுவத் தரையில் ஊற்றாமல் தனியாக அப்புறப்படுத்திவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவும். ஊசி போட்ட பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்த மாட்டுப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது.